படித்த பெண் தேடிய துணை – பண்டிதை ரமாபாய் வரலாறு

அது 1878-ம் ஆண்டு. கல்கத்தா நகரில் கிறிஸ்தவர்கள் சிலர் ஒரு வீட்டில் கூடியிருந்தார்கள். வெளியூரில் இருந்து வந்திருந்த ஓர் இளம்பெண்ணையும், அவளுடைய அண்ணனையும் விருந்தாளிகளாக அழைத்திருந்தார்கள்.

பேச்சு முடிந்தது. பிரார்த்தனை தொடங்கியது. வந்திருந்தவர்கள் எல்லோரும் தாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளின் பக்கம் திரும்பி, மண்டியிட்டு, கண்களை மூடிக்கொண்டார்கள்.

அந்தப் பெண் திகைத்துப் போனாள். எதிரே சிலை இல்லை. படம் இல்லை. இவர்கள் நாற்காலியை அல்லவா கும்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்!

இப்படி நினைத்தவள் ஒன்றும் அறியாத பெண் அல்ல. பாகவதத்தின் 18 ஆயிரம் சுலோகங்களும் அவளுக்கு மனப்பாடம். அதே கல்கத்தாவில் பெரிய பெரிய பண்டிதர்கள் அவளைச் சோதித்துப் பார்த்தார்கள். பிறகு, பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் சூட்டினார்கள். அப்போது அவளுக்கு வயது இருபது.

அவர்தான் பண்டிதை ரமாபாய்.

நடுக்காட்டில் பிறந்தார்

ரமாபாயின் தந்தை பெயர் அனந்த சாஸ்திரி டோங்ரே. மராட்டியப் பிராமணர். இளம் வயதில் பூனாவில் படித்தபோது, அவருடைய குரு பேஷ்வாவின் அரண்மனைக்குச் சென்று ராணிக்கு சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்து வந்தார். ஒரு பெண் இவ்வளவு அழகாக சுலோகம் சொல்ல முடியுமா என்று அனந்த சாஸ்திரி வியந்தார். தம் மனைவிக்கும் கற்பிக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்துகொண்டார்.

முதல் மனைவிக்குப் படிப்பில் ஆசை இல்லை. அவர் இறந்தபின், கோதாவரிக் கரையில் ஒரு யாத்திரிகர் தம் மகளை அனந்த சாஸ்திரிக்கு மணம் செய்து கொடுத்தார். மாப்பிள்ளைக்கு வயது 44. பெண்ணுக்கு ஒன்பது! அந்தக் காலத்தில் அப்படித்தான் நடந்தது. அந்தச் சிறுமி லட்சுமிபாய்க்கு அவர் சமஸ்கிருதம் கற்பித்தார்.

பெண்ணுக்கு தேவபாஷையா என்று ஊரார் எதிர்த்தார்கள். பெரியவர்கள் சபை கூடி விசாரித்தது. பெண்கள் படிப்பதற்குத் தடை இல்லை என்று சாஸ்திரங்களைக் கொண்டே அவர் வாதாடினார். பிறகு, ஊர்ச் சச்சரவே வேண்டாம் என்று மேற்குத் தொடர்ச்சி மலையில், கங்காமூலா என்ற காட்டில் குடியேறினார். அந்த இடம் இன்றைய கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. போய்ச் சேர்ந்த முதல் நாள் இரவு, தலைக்கு மேல் கூரை கூடக் கிடையாது. பள்ளத்துக்கு அப்பால் புலி உறுமிக்கொண்டே இருந்ததாம்.

அந்தக் காட்டில்தான் 1858-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந்தேதி ரமாபாய் பிறந்தார்.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது குடும்பம் தீர்த்த யாத்திரை புறப்பட்டது. குழந்தையைப் பிரம்புக் கூடையில் வைத்து, ஓர் ஆள் தலையில் சுமந்து வந்தான். அன்று தொடங்கிய நடை பல ஆண்டுகள் நிற்கவில்லை. கோவில் கோவிலாகப் போவார்கள். அங்கே உட்கார்ந்து புராணம் வாசிப்பார்கள். கேட்பவர்கள் கொடுக்கும் அரிசியும் காசும்தான் வருமானம்.

ரமாபாய்க்கு எட்டு வயதானதும் தாயார் பாடம் தொடங்கினார். பொழுது விடியும் முன்பே மகளை மடியில் அணைத்து எழுப்பி, சுலோகங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுப்பார். தாயின் வாய்ப்பாடமே மகளின் பள்ளிக்கூடம்.

பஞ்சம்

1870-களில் சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம் வந்தது. புராணம் கேட்க ஆள் இல்லை. கொடுக்க அரிசி இல்லை. அனந்த சாஸ்திரிக்கு வயதாகி, கண் பார்வையும் போய்விட்டது. நகைகளை விற்றார்கள். பாத்திரங்களை விற்றார்கள். நல்ல துணிகளையும் விற்றார்கள். பிச்சை கேட்க மனம் வரவில்லை. கூலி வேலையோ அவர்களுக்குத் தெரியாது.

கடைசியில், இறந்துபோவதற்காகவே ஒரு காட்டுக்குள் போனார்கள். பதினொரு நாள் தண்ணீரும், இலைகளும், ஒரு கைப்பிடி காட்டு ஈச்சம்பழமும் தவிர வேறு ஆகாரம் இல்லை. நீரில் இறங்கி உயிரை விட்டுவிடலாம் என்று தந்தை துணிந்தார். குலப்பெருமையை விட்டுக் கூலி வேலை செய்தாவது காப்பாற்றுகிறேன் என்று மகன் சீனிவாசன் அழுதான். தந்தை மனம் மாறினார்.

ஆனாலும் காலம் கடந்துவிட்டது. சில நாட்களில் அவர் உயிர் பிரிந்தது.

அதற்கு முன், கடைசி மகளான ரமாபாயை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்ன புத்தியை அவள் மறக்கவே இல்லை. உன்னைக் கடவுள் கையில் கொடுத்துவிட்டேன், இனி நீ அவருக்குச் சொந்தம், ஆயுள் முழுவதும் அவருக்கே ஊழியம் செய் என்பதே அந்தப் புத்தி.

சில வாரங்களில் தாயாரும் போய்விட்டார். சுடுகாடு மூன்று மைல் தூரம். தூக்கிப் போக நாலு பேர் கிடைக்கவில்லை. இரண்டு பேர் இரங்கி வந்தார்கள். மற்ற இரண்டு பக்கமும் அண்ணனும் தங்கையும்தான். ரமாபாய் குள்ளம். தோள் எட்டவில்லை. பெற்ற தாயின் பாடையைத் தலையில் தாங்கி நடந்தாள். அப்போது அவளுக்கு வயது பதினாறு.

அக்காளும் பின்னர் காலராவில் இறந்தாள்.

மீதி இருந்த இருவரும் வடக்கு நோக்கி நடந்தார்கள். பஞ்சாப், காஷ்மீர் என்று சுமார் 4 ஆயிரம் மைல். ஜீலம் ஆற்றங்கரையில் குளிர் தாங்க முடியவில்லை. மணலில் சவக்குழி போல இரண்டு குழி தோண்டி, அதில் படுத்து, கழுத்துவரை மணலை மூடிக்கொண்டு தூங்கினார்கள்!

விரதங்கள் எல்லாம் இருந்தும், தானங்கள் எல்லாம் கொடுத்தும், பெற்றோர் பட்டினியால் செத்தார்களே என்ற கேள்வி இருவர் மனத்திலும் முள்ளாகக் குத்தியது. கல்கத்தா வந்து சேர்ந்தபோது அவர்களிடம் படிப்பு இருந்தது. பழைய நம்பிக்கை தளர்ந்துபோயிருந்தது.

அங்கே கிறிஸ்தவர்கள் சமஸ்கிருத பைபிள் ஒன்றைக் கொடுத்தார்கள். பண்டிதை படித்துப் பார்த்தார். நடையும் விளங்கவில்லை, பொருளும் விளங்கவில்லை. மூடி வைத்துவிட்டார்.

லூக்கா எழுதிய சிறு புத்தகம்

1880-ம் ஆண்டு அண்ணனும் டாக்காவில் இறந்தான். அதே ஆண்டு ரமாபாய், பிபின் பிகாரி தாஸ் மேதாவி என்ற வங்காளி வக்கீலை மணந்தார். சாதி வேறு, மொழி வேறு. அதனால் சடங்கு இல்லாத பதிவுத் திருமணம். அசாமில் சில்சார் என்ற ஊரில் குடித்தனம். மனோரமா என்ற பெண் குழந்தை பிறந்தது.

கணவரின் புத்தக அலமாரியில் ஒரு நாள் வங்காளி மொழியில் ஒரு சிறு புத்தகம் கிடைத்தது. லூக்கா எழுதிய ஏசுநாதர் வரலாறு. அது எப்படி அங்கே வந்தது என்று அவருக்கே தெரியாது. படித்தார். பிடித்திருந்தது. ஆலன் என்ற பாதிரியார் வீட்டுக்கு வந்து பைபிளை விளக்கிச் சொல்லவும் தொடங்கினார். கணவருக்கு அது பிடிக்கவில்லை.

1882 பிப்ரவரியில் காலரா கணவரையும் கொண்டுபோய்விட்டது. மணவாழ்க்கை 19 மாதம்தான். கையில் ஒரு குழந்தை. உறவு என்று சொல்ல ஒருவர் கிடையாது.

ரமாபாய் பூனா வந்தார். பெண்களுக்காக ஆரிய மகிளா சமாஜம் தொடங்கினார். அரசாங்கக் கல்விக் கமிஷன் முன் சாட்சி சொன்னார். பெண்களுக்குப் பெண் டாக்டர்களும் ஆசிரியைகளும் வேண்டும் என்று வற்புறுத்தினார். தாமே டாக்டருக்குப் படிக்கலாம் என்ற ஆசையோடு 1883-ல் குழந்தையுடன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். காது மந்தமாகிக்கொண்டே வந்ததால் அந்த ஆசை நிறைவேறவில்லை.

வாண்டேஜ் என்ற ஊரில் கன்னிமாடத்துச் சகோதரிகள் அவருக்கு இடம் கொடுத்தார்கள். லண்டனில் தவறி விழுந்த பெண்களைக் காக்கும் ஓர் இல்லத்தை அவர்கள் காட்டினார்கள். ரமாபாய்க்கு அது பெரிய அதிசயம். ஊர் ஒதுக்கிய பெண்களுக்கு இவ்வளவு மரியாதையா? ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டார். பைபிளில், கிணற்றடியில் சமாரியப் பெண் ஒருத்தியிடம் ஏசுநாதர் பேசிய கதையைச் சகோதரி ஒருவர் சொன்னார். அந்தக் கதை ரமாபாயின் மனத்தைத் தொட்டது.

1883 செப்டம்பர் 29-ந்தேதி தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள். இந்தியாவில் பலர் கொதித்தார்கள். சிலர் வருந்தினார்கள்.

கதை இத்துடன் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் அவருடைய மனப்போராட்டம் இங்கேதான் ஆரம்பமாகிறது.

கேள்வி மேல் கேள்வி

ரமாபாய் தர்க்கத்தில் வளர்ந்தவர். எதையும் அலசிப் பார்த்தே ஏற்பார். செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே, தம் ஞானத்தாயான சகோதரி ஜெரால்டினுக்கு நீண்ட நீண்ட கடிதங்கள் எழுதினார். கடவுள் ஒருவரா, மூவரா? அற்புதங்களை எப்படி நம்புவது? குருமார் சொல்வதை ஏன் கேட்க வேண்டும்? பிராமணக் குருமாரின் கட்டை அவிழ்த்துவிட்டு, வெள்ளைக்காரக் குருமாரின் கட்டில் மாட்டிக்கொள்ள அவர் தயாராக இல்லை. சகோதரிக்கு மிகுந்த மனவருத்தம். இருவரிடையிலும் பாசம் இருந்தது, சண்டையும் இருந்தது. சைவச் சாப்பாட்டையும், புடவையையும் ரமாபாய் விடவே இல்லை.

வேறு ஒரு குழப்பமும் சேர்ந்தது. கிறிஸ்தவர்களுக்குள் எத்தனை பிரிவு! ஒவ்வொருவரும் தங்கள் வழியே சரி என்றார்கள். தாய்நாட்டில் பார்த்த சமயச் சண்டைகள் இங்கேயும் இருக்கின்றனவே என்று அவர் சலித்துப்போனார்.

1886-ல் அமெரிக்கா சென்றார். உறவுக்காரரான ஆனந்திபாய் ஜோஷி அங்கே டாக்டர் பட்டம் பெறும் விழாவைப் பார்க்கவே போனார். போன இடத்தில் நாடு முழுவதும் சுற்றி, இந்திய விதவைகளின் துயரத்தை எடுத்துச் சொன்னார். உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலை பற்றி அவர் 1887-ல் எழுதிய ஆங்கில நூல் நன்றாக விற்றது. விதவைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினால், பத்து ஆண்டு பணம் தருவதாக அமெரிக்கர்கள் சங்கம் அமைத்தார்கள். மதப் பிரசாரம் செய்யாத பள்ளியாக இருக்க வேண்டும் என்பது பேச்சு.

1889 மார்ச் 11-ந்தேதி பம்பாயில் சாரதா சதனம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பூனாவுக்கு மாறியது. மொட்டையடிக்கப்பட்டு மூலையில் கிடந்த பால்ய விதவைகள் அங்கே புத்தகம் கையில் எடுத்தார்கள். அப்படி வந்த கோதுபாய் என்ற பெண்ணைத்தான் பின்னாளில் தொண்டர் கார்வே மறுமணம் செய்துகொண்டார். ரானடே, பண்டார்கர் போன்ற பெரியவர்கள் பள்ளிக்கு ஆலோசகர்களாக இருந்தார்கள்.

வெளியே புகழ். உள்ளே வெறுமை.

எட்டு ஆண்டுக்குப் பின்

ரமாபாய் பைபிளைக் கரைத்துக் குடித்திருந்தார். கிறிஸ்தவக் கொள்கைகளை யாருடனும் வாதாட அவரால் முடியும். நல்ல காரியமும் செய்துகொண்டிருந்தார். ஆனால் தனிமையில் உட்கார்ந்தால் மனத்தில் அமைதி இல்லை. செய்த பிழைகள் நினைவுக்கு வரும். இவற்றை யார் மன்னிப்பார்? எப்படி மன்னிப்பார்? ஞானஸ்நானம் பெற்றாகிவிட்டது. ஆராதனைக்குப் போகிறோம். பிறகும் ஏன் இந்தப் பாரம்?

சிறுவயதில் தீர்த்தத்தில் முழுகினால் பாவம் போகும் என்று நம்பியவர் அவர். இப்போது ஞானஸ்நானத் தண்ணீரையும் அதே கணக்கில் வைத்திருந்தோமோ என்ற எண்ணம் எழுந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு புத்தகம் கைக்குக் கிடைத்தது. வில்லியம் ஹாஸ்லம் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் தம் கதையைத் தாமே எழுதிய நூல். அவர் பல ஆண்டு கோவிலில் பூசை நடத்தி, பிரசங்கம் செய்தவர். 1851-ல் ஒரு நாள் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே, தாம் ஊருக்குச் சொல்லும் கிறிஸ்துவைத் தாமே அறியவில்லை என்று உணர்ந்தார். தம் பிரசங்கத்தாலேயே தாம் மனம் மாறினார்!

படித்த ரமாபாய்க்கு நெஞ்சில் அடித்ததுபோல் இருந்தது. இது என் கதை அல்லவா? கிறிஸ்துவின் மதம் எனக்குக் கிடைத்தது. அந்த மதத்துக்கு உயிராக இருப்பவரை நான் அடையவில்லையே என்று அவருக்குப் புரிந்தது. 1891 வாக்கில் நடந்தது இது. ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டு ஆகியிருந்தது.

மறுபடியும் பைபிளைத் திறந்தார். இந்தத் தடவை வாதத்துக்காகப் படிக்கவில்லை. நோயாளி மருந்து தேடுவதுபோல் தேடினார். அதே பக்கங்கள், அதே வரிகள். பலமுறை படித்தவைதான். ஏசுநாதர் பாவிகளுக்காக உயிர் கொடுத்தார் என்று ஊர் உலகத்துக்குச் சொன்ன செய்தியை, எனக்காகக் கொடுத்தார் என்று தமக்கே சொல்லிப் பார்த்தார். தம் குறை இன்னது என்று ஒளிக்காமல் சொல்லி, ஒரு குழந்தை தகப்பனிடம் போவதுபோல் போனார். மனப்பாரம் இறங்கியதாக அவரே பிற்காலத்தில், 1907-ல் எழுதிய நூலில் சொல்லியிருக்கிறார்.

அந்த நூலில் அவர் யாரையும் குறை கூறவில்லை. ஆசிரியர்கள் ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், தம் மந்த புத்திக்குத்தான் எட்டவில்லை என்கிறார். 18 ஆயிரம் சுலோகத்தை நெஞ்சில் வைத்திருந்தவருக்கு மந்த புத்தியாம்!

கதவைத் திறந்துவைத்த பிரார்த்தனை

இந்த மாற்றத்துக்கு விலையும் கொடுக்க வேண்டி வந்தது. அதுவும் சிறிய விலை அல்ல.

ரமாபாய் விடியற்காலையில் மகளுடன் தம் அறையில் பிரார்த்தனை செய்வார். முன்பு அது கடமை. இப்போது அது நண்பரோடு பேசுவதுபோல் ஆகிவிட்டது. அறைக் கதவைச் சாத்துவதில்லை. பள்ளிப் பெண்கள் சிலர் தாங்களாகவே வந்து உட்காரத் தொடங்கினார்கள். வாருங்கள் என்று அவர் அழைக்கவில்லை. போங்கள் என்று விரட்டவும் இல்லை.

பூனாவில் புயல் எழுந்தது. திலகரின் கேசரி பத்திரிகை கடுமையாகத் தாக்கியது. 1893-ல் ரானடேயும் பண்டார்கரும் ஆலோசனைக் குழுவில் இருந்து விலகினார்கள். பெற்றோர் பலர் பெண்களை அழைத்துச் சென்றார்கள்.

மதப் பிரசாரம் இல்லை என்ற நம்பிக்கையில் பெண்ணை அனுப்பிய பெற்றோரின் கோபத்திலும் நியாயம் உண்டு. தம் வீட்டில் தாம் பிரார்த்தனை செய்யக் கதவைச் சாத்த மாட்டேன் என்ற ரமாபாயின் பிடிவாதத்திலும் நியாயம் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டால் பள்ளி தப்பித்திருக்கும். எட்டு ஆண்டு தேடிக் கண்டதை ஒளித்து வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அமெரிக்கச் சங்கம் அவர் பக்கம் நின்றது.

மீண்டும் பஞ்சம்

1896-ல் மத்திய மாகாணத்தில் பஞ்சம். செய்தி கேட்டதும் ரமாபாய்க்குப் பழைய காடும், ஈச்சம்பழமும், தந்தையின் முகமும் கண்முன் வந்தன. பையில் பணம் போதாது. இருந்தும் ரயில் ஏறினார். எலும்பும் தோலுமாகக் கிடந்த பெண்களையும் சிறுமிகளையும் திரட்டி வந்தார். சுமார் 300 பேர் சேர்ந்தார்கள்.

அடுத்த ஆண்டு பூனாவில் பிளேக். நகருக்குள் இத்தனை பேரை வைத்திருக்க முடியாது. பூனாவுக்கு 34 மைல் தூரத்தில் கேட்காவ்ன் என்ற சிற்றூரில் அவர் முன்பே வாங்கிய 100 ஏக்கர் நிலம் இருந்தது. வெறும் பொட்டல். அங்கே கொட்டகை போட்டார்கள். கிணறு வெட்டினார்கள். அதுதான் முக்தி சதனம்.

1900-ல் குஜராத்தில் பஞ்சம் வந்தபோது கூட்டம் பெருகியது. ஏறக்குறைய 2 ஆயிரம் பேர்! ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை தானியம் வேண்டும் என்று குடும்பம் நடத்துகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளைக்கு என்ன என்ற கேள்வி வந்தால், ரமாபாய் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்வார். எழுந்து வந்து அன்றைய வேலையைப் பார்ப்பார். நாற்காலியைக் கும்பிடுகிறார்களோ என்று கல்கத்தாவில் நினைத்த அதே ரமாபாய்தான்!

அங்கே சும்மா உட்கார்ந்து சாப்பிட்டவர் இல்லை. நெசவு, செக்கு, பால் பண்ணை, சலவை, கட்டட வேலை எல்லாம் பெண்களே செய்தார்கள். அச்சகமும் பெண்கள் கையில்தான். கண் தெரியாதவர்களுக்கு விரலால் தடவிப் படிக்கும் எழுத்தை மனோரமா சொல்லிக் கொடுத்தார். வாழ்வில் தவறிய பெண்களுக்கும் அங்கே தனி இல்லம் இருந்தது. லண்டனில் பார்த்ததை அவர் மறக்கவில்லை.

கடைசி வேலை

பெரியவர் ஆனபின் ரமாபாய் எடுத்துக்கொண்ட வேலை ஒன்று உண்டு. பைபிளின் மராத்தி மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தது. சமஸ்கிருதச் சொற்கள் நிறைந்திருந்தன. பஞ்சத்தில் தப்பி வந்து, அ, ஆ படித்த பெண்ணுக்கு அது விளங்காது. கல்கத்தாவில் தமக்கே விளங்காமல் புத்தகத்தை மூடியவர் அல்லவா அவர்? எபிரேயமும் கிரேக்கமும் கற்றுக்கொண்டு, பேச்சு மராத்தியில் தாமே மொழிபெயர்க்க உட்கார்ந்தார். ஆண்டுக்கணக்கில் அந்த வேலை நடந்தது. காது அனேகமாகக் கேட்காது. உடம்பும் தளர்ந்துவிட்டது.

1919-ல் அரசாங்கம் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தது. 1921 ஜூலையில் மனோரமா இறந்தார். தந்தை, தாய், அக்காள், அண்ணன், கணவர் என்று எல்லோரையும் அனுப்பிவைத்தவர், தமக்குப் பின் முக்தியை நடத்துவாள் என்று நம்பிய ஒரே மகளையும் அனுப்பிவைத்தார். மறுபடியும் மொழிபெயர்ப்பு மேஜைக்குத் திரும்பினார்.

1922 ஏப்ரல் 5-ந்தேதி ரமாபாய் காலமானார். அவர் பெயர்த்த மராத்தி பைபிள் முக்தி அச்சகத்தில் அச்சானது. அதற்கு எழுத்துக் கோர்த்தவர்கள், அவரிடம் எழுத்து கற்ற பெண்கள்.